18ல் ஏ.சி. ஓடியும் புழுங்குவது ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் தவறாமல் வரும். “கம்ப்யூட்டர் வைக்கும் அறைக்கு ஏ.சி. போட்டாக வேண்டுமா சார்?” என்பதுதான் அது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் மையங்களில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குளிரும் அறைக்குள் பயபக்தியோடு நுழைந்தோம் அல்லவா? அந்தப் பழக்கத்தின் மிச்சம் இந்தக் கேள்வி.

வேண்டியதில்லை என்பதே என் பதில். வீட்டில் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் இயங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. தூசி சேராமலும், நேர் வெயில் படாமலும், காற்று வந்து போக இடம் விட்டும் வைத்தால் போதும்.

உடனே அடுத்த கேள்வி வரும். “சரி, கம்ப்யூட்டருக்கு வேண்டாம். அதன் முன்னால் உட்காரும் எனக்கு?” இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால், நமக்கு எது சுகம் தருகிறது என்பதை ஏ.சி. ரிமோட்டில் தெரியும் எண் முழுதாகச் சொல்வதில்லை. இதை நான் புரிந்துகொண்டது புத்தகத்தில் படித்து அல்ல. ஓர் அலுவலகத்தில் இரண்டு கோடைகளைக் கழித்துத்தான்.

ரிமோட்டுக்காக நடந்த சண்டை

சென்னையில் நான் வேலை பார்த்த அந்த அலுவலகம், ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை, அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்கள் ஓடும். ஏ.சி.யை 18ல் வைத்திருப்போம். அப்படியும் மதியம் இரண்டு மணிக்கு மேல் எனக்குத் தலை கொதிக்கும். கால் மட்டும் சில்லென்று இருக்கும். ஏ.சி.க்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் ஒருவர் மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு டைப் செய்வார். கழுத்து வலி, தலைவலி என்று மாதத்தில் இரண்டு நாள் விடுப்பும் எடுப்பார். நான் எண்ணைக் குறைப்பேன். அவர் எழுந்து வந்து கூட்டுவார். எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை வந்தது.

ஒருநாள், தொடாமலே ஒரு பொருளின் வெப்பநிலையைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இரவலாகக் கிடைத்தது. மதியம் மூன்று மணிக்கு அறையைச் சுற்றி அளந்தேன். சாதாரண தெர்மாமீட்டரில் அறைக்காற்று 23 டிகிரி. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கூரையை நோக்கிப் பிடித்தேன். 39 டிகிரி! மேற்குச் சுவர் 34 டிகிரி.

காற்று குளிர்ந்திருக்கிறது. ஆனால் நான் ஒரு பெரிய தோசைக்கல்லின் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் விஷயம்.

உடலும் ஒரு சி.பி.யூ. தான்

இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். உங்கள் சி.பி.யூ. பெட்டியைத் திறந்தால், பிராசசரின் மேல் அலுமினியப் பட்டைகள் கொண்ட ஹீட் சிங்க் இருக்கும். அதன் மேல் ஒரு ஃபேன். பிராசசர் உண்டாக்கும் வெப்பம் ஹீட் சிங்க்கிற்குப் போய், அங்கிருந்து காற்றில் கலந்து வெளியேற வேண்டும். உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை பிராசசர் நலமாக இருக்கும். வெளியேற வழியில்லை என்றால் வேகம் குறையும் அல்லது கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும்.

நம் உடலும் இப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து அலுவலக வேலை செய்யும் ஒருவர் ஏறக்குறைய 100 முதல் 120 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறார். அதாவது, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று நம் ஒவ்வொருவருக்குள்ளும் எரிகிறது. அந்த வெப்பம் வெளியேறும் முக்கிய வழிகள் மூன்று.

ஒன்று, தோலை உரசிச் செல்லும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்வது. இரண்டு, வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவது. மூன்றாவது வழியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அது கதிர்வீச்சு.

கதிர்வீச்சு என்றதும் அணு உலை, செல்போன் டவர் என்று பயந்துவிட வேண்டாம். இது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். எல்லாப் பொருள்களும் இதை எப்போதும் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. சூடான பொருள் அதிகமாகவும், குளிர்ந்த பொருள் குறைவாகவும் வெளியிடும். சாலையோரக் கடையில் அடுப்புக்கு எதிரே நிற்கும்போது, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசினாலும் முகத்தில் சூடு அடிக்கிறதே, அதுதான் இது. வெயிலில் நடந்து வந்து கோயிலின் கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்கிறதே, அதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கல் நமக்குக் குளிரை அனுப்புவதில்லை. நம் உடல் வெப்பம்தான் கல்லை நோக்கிப் போகிறது.

சாதாரண அறை ஒன்றில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, காற்றுக்குப் போகும் வெப்பமும் சுற்றியுள்ள சுவர், கூரை, தரைக்குக் கதிராகப் போகும் வெப்பமும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். எனவே, காற்றோட்டம் குறைந்த அறையில் உடல் உணரும் வெப்பம் என்பது காற்றின் வெப்பநிலைக்கும், சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் நடுவில் இருக்கும்.

எங்கள் அலுவலகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காற்று 23. கூரை, சுவர், தரை எல்லாவற்றின் சராசரியை 32 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 27.5. காற்றோட்டம் எட்டாத என் இருக்கையில் இந்த 27.5தான் என் உடலுக்குத் தெரிந்தது. சால்வை போர்த்தியவருக்கோ 23 டிகிரிக்கும் குறைவான காற்று நேராகக் கழுத்தில் விழுந்தது. இருவர் சொன்னதும் உண்மை. ரிமோட்டில் இருந்த எண்தான் இருவருக்கும் பொருந்தவில்லை.

சுகத்தைத் தீர்மானிக்கும் ஆறு

டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் ஓலே ஃபாங்கர் 1970ல் வெளியிட்ட தம் நூலில், மனிதனின் வெப்ப சுகத்தை ஆறு விஷயங்கள் தீர்மானிப்பதாக விளக்கினார். காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்தியிருக்கும் உடை, செய்யும் வேலை ஆகியவையே அந்த ஆறு. இன்றும் கட்டடப் பொறியாளர்கள் இவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அவருடைய கணக்கின்படி, எல்லாவற்றையும் மிகச் சரியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது குறை சொல்வார்கள். எல்லா அலுவலகங்களிலும் ரிமோட் சண்டை நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்!

சாதாரண ஏ.சி. இந்த ஆறில் காற்றின் வெப்பநிலையை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஈரப்பதத்தையும் ஓரளவு குறைக்கிறது. சுவரும் கூரையும் சூடாக இருந்தால், அதை ஈடுகட்டக் காற்றைத் தேவைக்கு மேல் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால், கூரையையே குளிர வைத்தால் என்ன? இந்தக் கேள்விக்கான பதில்தான் ரேடியன்ட் கூலிங் எனப்படும் கதிர்வீச்சுக் குளிரூட்டல்.

கூரைக்குள் ஓடும் தண்ணீர்

இதன் அமைப்பு எளிமையானது. கட்டடம் கட்டும்போதே கான்கிரீட் தளத்திற்குள், கம்பிகளோடு சேர்த்து, நீண்ட பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்துவிடுவார்கள். பிறகு அவற்றின் வழியாகச் சுமார் 14 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீரை ஓட விடுவார்கள். கான்கிரீட் முழுவதும் மெல்லக் குளிர்ந்து, கூரையின் அடிப்பக்கம் 20 டிகிரி அளவில் நிற்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள், கம்ப்யூட்டர்கள், விளக்குகள் வெளியிடும் வெப்பத்தை அந்தக் கூரை மேலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். குழாய் பதிக்காமல், குளிர்ந்த நீர் ஓடும் உலோகத் தகடுகளைக் கூரைக்கு அடியில் தொங்கவிடும் முறையும் உண்டு.

மீண்டும் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். மிக வேகமான கம்ப்யூட்டர்களில் ஃபேனுக்குப் பதிலாக லிக்விட் கூலிங் வைக்கிறார்கள். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைச் சுமப்பதில் கெட்டிக்காரன் என்பதே காரணம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று எடுத்துக்கொள்வதைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு.

ஒரு டன் ஏ.சி. என்கிறோம். அது அறையிலிருந்து வெப்பத்தை அகற்றும் வேகம் ஏறக்குறைய 3,500 வாட். இதே வெப்பத்தைத் தண்ணீர் 4 டிகிரி சூடாகிச் சுமப்பதாக வைத்தால், நிமிடத்திற்குச் சுமார் 13 லிட்டர் போதும். ஒரு வாளித் தண்ணீர்! அறையைவிட 10 டிகிரி குளிர்ந்த காற்றைக் கொண்டு அதே வேலையைச் செய்வதானால், நிமிடத்திற்கு 17,000 லிட்டருக்கும் மேல் காற்றைத் தள்ள வேண்டும். பெரிய அலுவலகங்களின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆள் புகும் அளவுக்குத் தகரக் குழாய்கள் ஓடுவதும், அவற்றில் காற்றைத் தள்ளும் மின்விசிறிகள் மின்சாரத்தை விழுங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது லாபமும் உண்டு. வழக்கமான பெரிய ஏ.சி. நிலையங்களில் தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். ரேடியன்ட் முறைக்கு 14, 16 டிகிரியே போதும். ஆழமான கிணற்றிலிருந்து இறைப்பதைவிட மேலாக நீர் நிற்கும் கிணற்றிலிருந்து இறைப்பது எளிது அல்லவா? அதேபோல், குறைவாகக் குளிர வைத்தால் போதும் என்னும்போது அந்த இயந்திரத்திற்கு ஆகும் மின்சாரமும் குறைகிறது.

ஹைதராபாத்தில் நடந்த நேர்ப் போட்டி

“கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?” என்று நீங்கள் கேட்கலாம். இதே சந்தேகத்திற்கு ஹைதராபாத்தில் விடை தேடினார்கள்.

அங்கே போச்சாரம் பகுதியில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில், 2011ல் ஒரு மென்பொருள் அலுவலகக் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது. அளவு சுமார் இரண்டரை லட்சம் சதுர அடி. இந்தக் கட்டடத்தை நடுவில் பிரித்து, ஒன்றுபோல் இரண்டு பாதிகளாக அமைத்தார்கள். ஒரு பாதியில் காற்றைக் குளிர வைத்து அனுப்பும் வழக்கமான ஏ.சி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள். ஒரே வெயில், ஒரே மாதிரியான சுவர், ஒரே மாதிரியான ஜன்னல், ஒரே மாதிரியான வேலை. இரண்டுக்கும் தனித்தனி மீட்டர்கள் வைத்து மின்செலவை அளந்தார்கள்.

இதன் முடிவுகள் 2014ல் கட்டுரையாக வெளியாயின. குளிரூட்டுவதற்கு ரேடியன்ட் பகுதி செலவிட்ட மின்சாரம், மறுபாதியைவிட 34 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அந்த மறுபாதி மோசமான ஏ.சி. அல்ல. சிக்கனமாக இருக்கும்படி நன்கு வடிவமைக்கப்பட்டதுதான். அமைப்பதற்கான செலவும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஊழியர்களிடம் வெப்ப சுகத்தைப் பற்றிக் கேட்டபோது, ரேடியன்ட் பகுதியில் 63 சதவீதத்தினர் நிறைவு என்றார்கள். மறுபாதியில் 45 சதவீதத்தினர். பின்னர் அந்த நிறுவனம் தன் மற்றச் சில வளாகங்களிலும் இந்த முறையைப் பயன்படுத்தியது.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது 34 அல்ல, 63தான். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்றால் புழுக்கத்தைச் சகித்துக்கொள்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே குறைவாகச் செலவிட்ட பாதியில்தான் அதிகம் பேர் சுகமாக இருந்திருக்கிறார்கள். அதே நேரம், அங்கேயும் நூற்றுக்கு 37 பேர் நிறைவு சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இது மந்திரம் அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த கூரை இழுக்கும் வெப்பத்திற்கு ஓர் அளவு உண்டு. அதனால்தான் அந்தக் கட்டடத்தில் முதலில் வெயிலை வெளியே நிறுத்தினார்கள். சுவருக்கும் கூரைக்கும் வெப்பத் தடுப்பு, ஜன்னலுக்கு நிழல் என்று எல்லாம் செய்த பிறகே குழாய்க்கு வந்தார்கள். நான்கு பக்கமும் கண்ணாடி மாட்டி வெயிலை உள்ளே விட்டுவிட்டுக் கூரையில் குழாய் பதித்தால் பயன் இருக்காது.

கூரை வியர்த்தால்?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டிலின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டில் ஒழுகவில்லை. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. எந்த வெப்பநிலையில் இப்படி நீர் அரும்பத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பனிநிலை சுமார் 26 டிகிரி. அப்படிப்பட்ட காற்று உள்ளே வந்தால் 20 டிகிரிக் கூரை சும்மா இருக்குமா? உங்கள் கீபோர்டில் மழை பெய்யும்!

எனவே, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் குளிர்ந்த கூரை மட்டும் தனியாக வேலை செய்ய முடியாது. வெளிக்காற்றை முதலில் ஒரு தனி இயந்திரத்தில் செலுத்தி ஈரத்தைப் பிழிந்துவிட்டு, சுவாசிக்கத் தேவையான அளவு மட்டும் உள்ளே அனுப்புவார்கள். அறை 25 டிகிரியிலும், ஈரப்பதம் 55 சதவீதத்திலும் இருந்தால் பனிநிலை சுமார் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது 20 டிகிரிக் கூரையில் ஒரு சொட்டு நீரும் அரும்பாது. பனிநிலையைக் கவனிக்கும் சென்சார்களும் உண்டு. ஈரம் கூடுகிறது என்றால், குழாயில் ஓடும் நீரின் வெப்பத்தை உயர்த்தும்படி கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். இத்தகைய கட்டடங்களில் நினைத்தபோது ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இது உங்கள் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் பாடம். ஒருமுறை, வெகு நேரம் 20 டிகிரி ஏ.சி. அறையில் வைத்திருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மழை விட்ட மாலை நேரம். முதலில் என் மூக்குக் கண்ணாடி மங்கியது. பிறகு பார்த்தால் லேப்டாப்பின் மூடி முழுவதும் முத்து முத்தாக நீர்! வெளியே இப்படி என்றால் உள்ளே இருக்கும் உலோகப் பகுதிகளிலும் படிந்திருக்கலாம். நல்ல வேளை, ஸ்விட்ச் போடவில்லை. நன்கு குளிர்ந்த லேப்டாப்பையோ, ஹார்ட் டிஸ்க்கையோ வெளியே கொண்டுவந்தால், அதைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு இயக்குங்கள்.

புழுக்கமான நாடுகளில்

ஹைதராபாத் கடலோர ஊர் அல்ல. கோடையில் அங்கே காற்று வறண்டிருக்கும். ஆண்டு முழுவதும் புழுங்கும் ஊர்களில் இது நடக்குமா? நடந்திருக்கிறது.

2006ல் திறக்கப்பட்ட பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்குள் குளிர்நீர்க் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். அவ்வளவு உயரமான கூடத்தின் காற்று முழுவதையும் குளிர வைக்காமல், மனிதர்கள் நடமாடும் அடிப்பகுதியை மட்டும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள அது உதவுகிறது. மலேசியாவின் புத்ராஜெயாவில், எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் 2010ல் கட்டி முடிக்கப்பட்டது. வைரக் கல்லைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் கட்டடம் தனக்குத்தானே நிழல் தந்துகொள்கிறது. அங்கே இரவில் தளத்துக் கான்கிரீட்டைக் குளிர வைத்துவிடுகிறார்கள். பகல் முழுவதும் அது மெல்ல மெல்ல வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பேட்டரியை இரவில் சார்ஜ் செய்து பகலில் பயன்படுத்துவது போல.

இதைவிட ஆச்சரியமானது சிங்கப்பூரில் 2018ல் ஆய்வாளர்கள் அமைத்த ஒரு சோதனைப் பந்தல். இது அலுவலகம் அல்ல. காற்றோட்டமாகத் திறந்திருக்கும் சிறு மண்டபம். குளிர்ந்த தகடுகளுக்கு முன்னால், வெப்பக் கதிரை மட்டும் விட்டு ஈரக் காற்றைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பொருத்தினார்கள். எனவே தகடுகள் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தும் வியர்க்கவில்லை. உள்ளே காற்றின் வெப்பநிலை சுமார் 30 டிகிரி. அப்படியும் உட்கார்ந்து பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் சுகமாகவே இருப்பதாகச் சொன்னார்கள். காற்றைக் குளிர வைக்காமலேயே மனிதரைக் குளிர வைக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

குறைகளும் உண்டு

கான்கிரீட் மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். காலை ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போட்டு, ஒன்பது பத்துக்குக் குளிர வேண்டும் என்றால் நடக்காது. முன்கூட்டியே தொடங்க வேண்டும். மீட்டிங் அறையில் திடீரென்று இருபது பேர் கூடினால் உடனே ஈடுகொடுக்கவும் முடியாது. அதற்குத் துணையாக மின்விசிறியோ கூடுதல் காற்றோ வேண்டும்.

கூரையை மூடாமல் வெறும் கான்கிரீட்டாக விட வேண்டியிருப்பதால் பேச்சொலி எதிரொலிக்கும். அதைக் குறைக்கத் தனி ஏற்பாடு தேவை. குழாய் ஓடும் இடம் தெரியாமல் யாராவது டிரில்லிங் மிஷினை வைத்துவிட்டால் தொலைந்தது! எல்லாவற்றுக்கும் மேலாக, கான்கிரீட்டுக்குள் குழாய் பதிக்கும் முறையைக் கட்டடம் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்த வீட்டில் நினைத்துப் பயனில்லை.

நம் அறைக்கு என்ன செய்யலாம்?

குழாய் பதிக்க முடியாவிட்டாலும், இந்தக் கட்டடங்கள் சொல்லும் பாடம் நமக்கு அப்படியே பொருந்தும். காற்றைத் தொடுவதற்கு முன் கூரையையும் சுவரையும் கவனியுங்கள்.

மேல் மாடி வீடு என்றால், மொட்டை மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அல்லது வெள்ளை ஓடு பதியுங்கள். வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ, மூங்கில் பாயோ தொங்கவிடுவது நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுப்பதைவிட, வெளியிலேயே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

கம்ப்யூட்டர் மேஜையை மேற்குச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். அந்தச் சுவர் மாலையில் உங்களையும் சூடாக்கும், சி.பி.யூ. பெட்டியையும் சூடாக்கும்.

கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். வேலையில்லாதபோது மானிட்டரையும் அணைத்துவிடுங்கள். உங்கள் கண்ணுக்கு ஓய்வு, அறைக்கும் ஓய்வு.

மின்விசிறியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மேலே படும் இதமான காற்று 2 முதல் 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். ஏ.சி. இருந்தால் அதை 26ல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.க்கள், ஸ்விட்ச் போட்டதும் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது.

26 என்றால் நம்மால் வேலை செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் அதிகமான பதில்களைத் திரட்டி ஆராய்ந்தது. வெளியே வெயில் கூடும் காலத்தில், நமக்கு இதமாகப் படும் வெப்பநிலையும் கூடவே உயர்கிறது என்பது அதில் தெரிந்தது. நம் உடலுக்கு நம் ஊர் பழகியிருக்கிறது. நாம்தான் ரிமோட்டுக்குப் பழகிவிட்டோம்.

கடைசியாக

எங்கள் அலுவலகத்துக்கு வருவோம். நான் அளந்த எண்களை ஒரு தாளில் எழ்திக் காட்டியதும், நிர்வாகி முதலில் சிரித்தார். பிறகு அந்த மாத மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டு யோசித்தார். அடுத்த கோடைக்கு முன்பாக மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்தார்கள். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல் தட்டிகள் வந்தன. அகற்றியிருந்த மின்விசிறிகளை மீண்டும் மாட்டினார்கள்.

அதே மே மாதம், அதே மூன்று மணி. கூரை 33 டிகிரி காட்டியது. ஏ.சி. 25ல் ஓடியது. என் தலை கொதிக்கவில்லை. எதிரே இருந்தவர் சால்வையை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டார். மின்கட்டணம் குறைந்ததில் நிர்வாகிக்கு மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் மீண்டும் சேர்ந்து டீ குடிக்கப் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

நீங்களும் இன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டரை இயக்குவதற்கு முன்பு, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு அண்ணாந்து, கூரையிலிருந்து முகத்தில் சூடு அடிக்கிறதா என்று கவனியுங்கள். புதிய ஏ.சி. வாங்கலாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.